கதிர்க்கோலைக் கண்ணால் கற்றல்: செல் பகுப்பு ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிலிருந்தோ வேலைப்பயிற்சிக்காக சிங்கப்பூரின் ஒன்-நார்த் பக்கத்து ஆய்வுக்கூடங்களுக்கு வரும் தமிழ் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கதிர்க்கோலை, அதாவது செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் அமைப்பை, கட்டுப்படுத்தும் இத்தனை புரதங்களின் பெயர்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? நினைவில் வைக்க வேண்டாம் என்பதே என் பதில். ஒரு புரதத்தை நிறுத்தினால் கதிர்க்கோல் எப்படிக் கெடுகிறது என்பதை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டால், அதன் பெயர் தானாகவே மனத்தில் தங்கிவிடும். ஆகவே இந்தக் கட்டுரை பெயர்ப்பட்டியலில் தொடங்கவில்லை. நீங்கள் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையிலேயே செல்கிறது, புரதங்கள் அந்தந்த இடத்தில் வந்து சேரும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கதிர் என்பது ராட்டையில் நூல் சுற்றிக்கொள்ளும் கம்பி. நூல் ஏற ஏற நடுவில் பருத்தும் இரு முனைகளில் ஒடுங்கியும் காணப்படும் அந்த வடிவத்தையே, பிரியப்போகும் செல்லின் நடுவில் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். மனிதச் செல்லில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதன் நீளம் ஏறக்குறைய 10 முதல் 12 மைக்ரோமீட்டர். அது நுண்குழல்களால் ஆனது; ஒவ்வொரு நுண்குழலும் 25 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய்; ஆல்ஃபா, பீட்டா எனும் இரண்டு டியூபுலின் புரதங்கள் இணையிணையாக அடுக்கப்பட்டு அந்தக் குழாய் உருவாகிறது.

இங்கே புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கதிர்க்கோலை ஒரு கட்டடமாக நினைத்துக்கொள்வது. உணவங்காடி நிலையத்தில் பெயர்பெற்ற கடையின் முன் நிற்கும் வரிசையை எண்ணிப் பாருங்கள்: மதியம் முழுவதும் வரிசை அதே இடத்தில் அதே நீளத்தில் இருக்கும், ஆனால் அதில் நிற்பவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள். கதிர்க்கோலும் அப்படித்தான். அதிலுள்ள பெரும்பாலான நுண்குழல்களின் ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வளர்ந்துகொண்டிருக்கும் நுண்குழல் சட்டென்று சரிந்து சுருங்குவதையும், சுருங்கும் ஒன்று மீண்டும் வளரத் தொடங்குவதையும் 1984ஆம் ஆண்டில் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் விளக்கிக் காட்டினர். நுனியில் ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறை ஏந்திய டியூபுலின் இருக்கும்வரை குழல் வளரும். அந்தத் தொப்பி கழன்றால் சரியும். அதற்கும் முன்பே, 1953இல், ஷின்யா இனோயே தாமே செப்பனிட்ட முனைவாக்க ஒளி நுண்ணோக்கியைக் கொண்டு, உயிருள்ள செல்லில் கதிர்க்கோல் இழைகள் இருப்பதைக் காட்டியிருந்தார். அதுவரை அவை சாயமேற்றும்போது செயற்கையாகத் தோன்றியவையாக இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்கள் பலர். அந்த ஐயம் நியாயமானதுதான் என்பது, சாயமேற்றும் வேலையை நீங்களே செய்யத் தொடங்கும்போது புரியும்.

ஆக, புரதங்கள் இங்கே செய்யும் வேலையை மூன்று கேள்விகளாக மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: புதிய நுண்குழல் எங்கே முளைக்கலாம், முளைத்தவை எப்படி இரண்டு முனைகளாக ஒழுங்குபட வேண்டும், எல்லாம் சரியாகப் பிணைந்துவிட்டன என்று யார் அனுமதி கொடுப்பது.

முதல் படி: தேக்காவிலிருந்து ஒரு வெங்காயம்

விலையுயர்ந்த நுண்ணோக்கியின் முன் உட்காரும் முன்னால், குரோமோசோம்களை எளிய நுண்ணோக்கியில் பார்த்துப் பழகுங்கள். தேக்கா ஈரச்சந்தையில் கிடைக்கும் சாதாரண வெங்காயமே போதும். பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் தொடும்படி ஒரு குவளையின் வாயில் வைத்தால், நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் நீண்டுவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அழுகும். மீதி வேலையைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்ய வேண்டும்: வேர்நுனியை ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு எத்தனாலும் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, 60 டிகிரி வெப்பமுள்ள ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் மென்மையாக்கி, அசிட்டோ-ஆர்சீனில் சாயமேற்றி, கண்ணாடிச் சில்லின் மேல் கவர்ஸ்லிப்பை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் செல்கள் உருண்டு கிழிந்துவிடும்.

வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள்தான், ஒவ்வொன்றும் பெரியது. நடுக்கோட்டில் அணிவகுத்த மெட்டாஃபேஸ், இரண்டாகப் பிரிந்து விலகும் அனாஃபேஸ் இரண்டையும் ஒரே பார்வைப் புலத்தில் காணலாம். ஆனால் கதிர்க்கோல் தெரியாது. இந்தச் சாயம் குரோமோசோமைத்தான் பிடிக்கிறது. இழைகள் இருக்க வேண்டிய இடம் வெற்றாகவே இருக்கும். மாணவர்கள் இங்கே ஏமாற்றமடைவார்கள். நான் இந்த இடத்தில்தான் அவர்களை நிறுத்திக் கேட்பேன்: இந்த வெற்றிடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இந்தக் குரோமோசோம்களை இழுத்திருக்கிறது என்பதற்குப் படத்தில் என்ன சான்று? அனாஃபேஸில் ஒவ்வொரு குரோமோசோமும் முனையை நோக்கி வளைந்து, சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுங்கிய பகுதி) முன்னேயும் கைகள் பின்னேயும் செல்வதைச் சற்று நேரம் பார்த்தால் விடை கிடைக்கும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்: வெங்காயச் செல்லில் சென்ட்ரோசோம் கிடையாது. பாடநூல் படத்தில் முனைக்கு முனை வரையப்பட்டிருக்கும் அந்தப் புள்ளி இல்லாமலேயே அது கதிர்க்கோலைக் கட்டிக்கொள்கிறது.

இரண்டாம் படி: போதுமான செல்களைச் சேர்ப்பது

அடுத்து மனிதச் செல்கள். பெரும்பாலான இடங்களில் ஹீலா செல்களைத்தான் கொடுப்பார்கள். 1951இல் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவரிடம் கேட்காமலேயே எடுத்து வளர்க்கப்பட்ட செல்கள் அவை. அவற்றில் வேலை செய்பவர் இதைத் தெரிந்திருப்பதே முறை. உங்கள் கூடத்தின் உயிரிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்த பின்பே பாதுகாப்புப் பேழையில் கைவையுங்கள்.

ஹீலா செல் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கிறது. அதில் மைட்டாசிஸ் எனும் பகுப்பு ஒரு மணி நேரமளவே. அப்படியானால் எந்த நேரத்தில் பார்த்தாலும் நூற்றுக்கு நான்கு செல்தான் பகுப்பில் இருக்கும். கவர்ஸ்லிப்பில் 200 செல்களைப் பார்த்து எட்டு கிடைத்தால் எதுவும் தவறாகிவிடவில்லை. அதிகம் வேண்டுமென்றால் சிடிகே1 என்ற கைனேஸை (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியை) தடுக்கும் ஆர்ஓ-3306 மருந்தில் செல்களை இரவு முழுவதும் வைத்து, காலையில் கழுவிவிடலாம். பகுப்பின் வாசலில் காத்திருந்த செல்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் உள்ளே நுழையும். சைக்ளின்-பி என்ற புரதமும் சிடிகே1உம் சேர்ந்த இணைதான் பகுப்பைத் தொடங்கிவைக்கிறது என்பதை இதைவிட நேரடியாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. மருந்தைக் கழுவிய முப்பது, நாற்பது நிமிடங்களில் தட்டையாக ஒட்டிக்கிடந்த செல்கள் உருண்டு திரள்வதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே காணலாம். உருண்ட செல் கண்ணாடியை இலேசாகத்தான் பற்றியிருக்கும். பிப்பெட்டை நேராக அதன் மேல் பீய்ச்சினால் நீங்கள் தேடும் செல்கள் மட்டும் அடித்துச் செல்லப்பட்டு, வேண்டாதவை மிஞ்சும். திரவத்தைக் கிண்ணத்தின் ஓரமாக மெல்ல விடுங்கள். கவர்ஸ்லிப்பில் செல்களை ஒட்டவைக்கும் பாலிலைசினைப் பூசுவதும் உதவும்.

மூன்றாம் படி: நிலைப்படுத்தல், அதாவது பெரும்பாலோர் தோற்கும் இடம்

என் முதல் மாதத்தில் என் கதிர்க்கோல்கள் எல்லாமே மெலிந்து, முனைகளைச் சுற்றி விரியும் மென்மையான இழைகள் ஒன்றுகூட இல்லாமல் இருந்தன. ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் பொருள்) கெட்டுவிட்டதென்று புதியது வாங்கினோம்; மாறவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு மூத்த ஆய்வாளர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கையிலிருந்த பாட்டிலைத் தொட்டார். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் செல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். நுண்குழல்கள் குளிரில் கரைந்துவிடும். குரோமோசோமில் நுண்குழல் பிடிக்கும் இடமான கைனெட்டோகோரில் பிணைந்த கற்றைகள் மட்டும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். அவற்றைத்தான் நான் மூன்று வாரமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

எனவே கழுவும் கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெளியே 31 டிகிரி அடித்தாலும் நம் ஆய்வுக்கூடங்களின் குளிர்சாதனம் சட்டை மேல் சட்டை போட வைக்கும். அந்த மேசையில் கிண்ணத்தைப் பத்து நிமிடம் விட்டுவிட்டு ஒரு கோப்பை தேநீருக்குப் போவதும் அதே தவறுதான். நிலைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைப்பது நுண்குழல்களுக்கும் சென்ட்ரோசோம்களுக்கும் நல்லது. (குளிர் கூடாது என்று சொல்லிவிட்டு மைனஸ் 20 என்கிறீர்களே என்று கேட்பார்கள்: மெத்தனால் நொடியில் புரதங்களை உறையவைத்துவிடுகிறது, கரைவதற்கு நேரமே கிடைப்பதில்லை; குளிர்ந்த பிபிஎஸ் கரைக்க மட்டுமே செய்கிறது.) ஒளிரும் புரதங்களையோ கைனெட்டோகோர்ப் புரதங்கள் சிலவற்றையோ பார்க்க வேண்டுமென்றால் வெதுவெதுப்பான ஃபார்மால்டிஹைடு பொருத்தம். எந்த ஆன்டிபாடி எதில் வேலை செய்கிறது என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: ஐம்பது சாதாரணக் கதிர்க்கோல்கள்

ஆல்ஃபா டியூபுலினுக்கு ஒரு நிறம், சென்ட்ரோசோமைக் காட்டும் காமா டியூபுலினுக்கு ஒரு நிறம், டிஎன்ஏவுக்கு டாப்பி என்ற சாயம் என்று மூன்று நிறம் முதலில் போதும். எந்த மருந்தும் இடாத செல்களில் ஐம்பது கதிர்க்கோல்களைத் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் பென்சிலால் வரையுங்கள். மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் சாதாரணமான கதிர்க்கோல்களே எவ்வளவு வேறுபடும் என்று தெரியாதவர், பின்னால் ஒவ்வொரு சாய்வையும் மருந்தின் விளைவாக எழுதிவிடுவார். சில கதிர்க்கோல்கள் சாய்ந்தே நிற்கும். ஒரு முனை ஒரு தளத்திலும் மறுமுனை வேறு தளத்திலும் இருக்கும். ஹீலாவில் மூன்று முனைக் கதிர்க்கோல்கூட இடையிடையே இயல்பாகவே வரும், அது புற்றுச் செல் அல்லவா.

முனையில் பளிச்சென்று தெரியும் இரு புள்ளிகளே காமா டியூபுலின். 1989இல் ஒரு பூஞ்சையில் கண்டறியப்பட்ட இது, வேறு புரதங்களோடு வளையமாகச் சேர்ந்து, புதிய நுண்குழல் முளைப்பதற்கான அடித்தளமாகிறது. பகுப்புக்கு முன் சென்ட்ரோசோமில் இந்த வளையங்கள் பெருகும். பிஎல்கே1, ஆரோரா-ஏ ஆகிய இரு கைனேஸ்களும் அதை முடுக்கிவிடுகின்றன. கூர்ந்து பார்த்தால் காமா டியூபுலின் முனைகளில் மட்டுமல்லாமல் கதிர்க்கோலின் உடல் முழுவதும் மங்கலாகப் படர்ந்திருப்பதும் தெரியும். ஆக்மின் என்ற புரதக் கூட்டம் ஏற்கெனவே உள்ள நுண்குழலின் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் ஒட்டவைத்து, மரத்தில் கிளை விடுவதுபோல் புதிய குழல்களை முளைக்கச் செய்வதே அதற்குக் காரணம்.

ஐந்தாம் படி: கரைத்துவிட்டு மீண்டும் முளைக்க விடுதல்

என்னை மூன்று வாரம் ஏமாற்றிய குளிரை இப்போது கருவியாக்கிக்கொள்ளலாம். கவர்ஸ்லிப்புகளைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். கைனெட்டோகோர்க் கற்றைகளும் முழுவதுமாகக் கரைய வேண்டுமானால் நோகோடசோல் மருந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கழுவி, 37 டிகிரி ஊடகத்தில் இட்டு, இரண்டு, ஐந்து, பத்து, இருபது நிமிடங்களில் ஒவ்வொன்றாக நிலைப்படுத்துங்கள். இரண்டாவது நிமிடத்துப் படத்தில் சென்ட்ரோசோம் இருக்கும் இடத்தில் சிறு விண்மீன்கள் போல நுண்குழல்கள் விரியும். அதே நேரத்தில், சென்ட்ரோசோமுக்குத் தொடர்பே இல்லாமல் குரோமோசோம்களின் ஓரத்திலும் சின்னஞ்சிறு கொத்துகள் தோன்றும். வெங்காயம் எப்படிச் சமாளிக்கிறது என்ற கேள்விக்கான விடையில் ஒரு பங்கு இதோ.

அந்தக் கொத்துகளுக்குப் பொறுப்பான புரதம் ரான். குரோமோசோமில் ஒட்டியிருக்கும் ஆர்சிசி1 அதற்கு ஜிடிபியை ஏற்றிவிடுவதால், குரோமோசோமுக்கு அருகில் ரான்-ஜிடிபி அடர்த்தியாகவும் தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் இருக்கும். இம்போர்ட்டின்கள் எனும் புரதங்கள் டிபிஎக்ஸ்2 போன்ற புரதங்களைப் பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. ரான்-ஜிடிபி உள்ள இடத்தில் அந்தப் பிடி விடுகிறது. விடுபட்ட டிபிஎக்ஸ்2 நுண்குழல் முளைப்பதற்கும் ஆரோரா-ஏ விழிப்பதற்கும் துணைபோகிறது. எளிமையாகச் சொன்னால், குரோமோசோம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துக்கொள்கிறது. 1996இல் ரெபெக்கா ஹீல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தவளை முட்டைச் சாற்றில் டிஎன்ஏ பூசிய சிறுமணிகளை இட்டபோது, சென்ட்ரோசோமோ கைனெட்டோகோரோ இல்லாமலேயே அவற்றைச் சுற்றி இருமுனைக் கதிர்க்கோல் உருவானது. ரானின் பங்கு 1999இல் பல குழுக்களின் ஆய்வுகளில் அடுத்தடுத்து வெளிவந்தது.

ஆறாம் படி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு புரதத்தை நிறுத்துதல்

முதலில் ஈஜி5 என்ற மோட்டார் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விளைவு தவறவே முடியாத அளவுக்குத் தெளிவானது. எதிரெதிர்த் திசையில் கிடக்கும் இரண்டு நுண்குழல்களை ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டு அவற்றை விலக்கித் தள்ளுவது அதன் வேலை. எஸ்டிஎல்சி என்ற மருந்து அதைத் தடுத்தால் இரண்டு சென்ட்ரோசோம்களும் பிரியாமல் நடுவில் கிடக்கும். நுண்குழல்கள் அங்கிருந்து எல்லாத் திசையிலும் விரிய, குரோமோசோம்கள் மல்லிகைச் சரத்தை வட்டமாகச் சுற்றியதுபோல் சுற்றிலும் அமையும். இதே விளைவைத் தரும் மோனாஸ்ட்ரால் 1999இல் கண்டறியப்பட்டது. ஒற்றை விண்மீன் என்பதே அந்தப் பெயரின் பொருள். மருந்தைக் கழுவிவிட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரு முனைகளும் பிரிந்து ஒழுங்காகிவிடும். இதற்கு எதிராக உள்ளிழுக்கும் மோட்டார்களும் உண்டு. டைனீன், நூமா என்ற துணைப்புரதத்தோடு சேர்ந்து நுண்குழல்களின் முனைகளைக் கூர்மையாகக் குவித்து வைக்கிறது.

அடுத்து நோகோடசோல். இங்கே ஒரு சிறு விலகல்: நுண்குழலைத் தாக்கும் இந்த வகைப் பொருள்களில் மிகப் பழையவை நமக்கு வெகு அருகில் வளர்பவை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்கிசின், டியூபுலினில் ஒட்டி அதை அடுக்கவிடாமல் செய்கிறது. 1960களில் டியூபுலின் அடையாளம் காணப்பட்டதே இந்த ஒட்டுதலைப் பின்தொடர்ந்துதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு நடைவழித் தொட்டிகளில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் இன்றும் இரத்தப் புற்றுக்கு மருந்து. இரண்டும் கடும் நஞ்சு. தொட்டிச் செடியைப் பறித்து வெங்காயத்தில் சோதித்துப் பார்க்கலாமா என்று இதுவரை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், கூடாது.

நோகோடசோலில் நுண்குழல்கள் கரைந்த செல், பல மணி நேரம் அப்படியே நின்றுவிடும். செல் ஏன் காத்திருக்கிறது என்பதைக் காண, செல்லைக் காத்திருக்க வைக்கும் மேட்2 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடியை இடுங்கள். ஒவ்வொரு குரோமோசோமின் நடுவிலும் இரட்டைப் புள்ளிகள் விளக்கு வரிசைபோல் எரியும். மருந்திடாத மெட்டாஃபேஸ் செல்லில் அதே இடங்கள் இருண்டிருக்கும். நுண்குழல் பிடிக்காத கைனெட்டோகோரில் எம்பிஎஸ்1 கைனேஸின் செயலால் பப்1, பப்3, மேட்1, மேட்2 ஆகிய புரதங்கள் வந்து கூடுகின்றன. அங்கே உருமாறும் மேட்2, சிடிசி20 என்ற புரதத்தைப் பிடித்து, பப்ஆர்1, பப்3 ஆகியவற்றோடு ஒரு கூட்டாகி ஏபிசி/சி என்ற நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த நொதி விடுபட்டால்தான் செக்யூரினும் சைக்ளின்-பியும் அழியும். செக்யூரின் அடக்கிவைத்திருந்த செபரேஸ் என்ற நொதி விடுதலையாகி, சகோதரக் குரோமாட்டிடுகளைக் கட்டிவைத்திருக்கும் கோஹீசினை வெட்டும். சாதாரண மனிதச் செல்லில் 46 குரோமோசோம், 92 கைனெட்டோகோர். அவற்றில் ஒன்றே ஒன்று பிணையாமல் இருந்தாலும் செல் காத்திருக்கும் என்பதை 1995இல் கான்லி ரீடரின் குழு காட்டியது: கடைசியாக மிஞ்சிய அந்தக் கைனெட்டோகோரை லேசரால் அழித்தார்கள், செல் அனாஃபேஸுக்குப் போய்விட்டது. மேட், பப் மரபணுக்கள் 1991இல் ஈஸ்ட்டில் கண்டறியப்பட்டவை. நம் சிங்கப்பூரின் மூலக்கூறு, செல் உயிரியல் கழகத்திலும் ஈஸ்ட்டின் பகுப்பை நெடுங்காலம் ஆய்ந்திருக்கிறார்கள் என்பதால், இந்தத் துறையில் கேள்வி கேட்க ஆள் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பிணைந்தால் மட்டும் போதாது, சரியாகப் பிணைய வேண்டும். இரண்டு சகோதரக் கைனெட்டோகோர்களும் ஒரே முனையைப் பற்றிக்கொண்டால் இழுவிசை எழாது. அப்போது சென்ட்ரோமியரில் உள்ள ஆரோரா-பி கைனேஸ், என்டிசி80 என்ற பிணைப்புப் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றிப் பிடியைத் தளர்த்திவிடும்; குழல் கழன்று, மறுபடி முயலும். இதைப் பார்க்க ஒரு நல்ல வழி: ஒற்றை விண்மீன் நிலையில் செல்களை நிறுத்தி, மருந்தைக் கழுவும்போதே ஆரோரா-பியைத் தடுக்கும் இசட்எம்447439ஐச் சேருங்கள், செல் பகுப்பைவிட்டு வெளியேறிவிடாமலிருக்க எம்ஜி132ஐயும் சேருங்கள். கதிர்க்கோல் இருமுனையாகும், ஆனால் பல குரோமோசோம்கள் தவறான பிடியோடு முனையோரமாகவே ஒதுங்கிக் கிடக்கும்.

ஏழாம் படி: உங்கள் முடிவை நீங்களே சந்தேகித்தல்

மருந்துகளைத் தாண்டி, ஆர்என்ஏ குறுக்கீட்டால் ஒரு புரதத்தையே குறைக்கும் வேலை உங்களுக்குத் தரப்பட்டால், 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் புரதம் உண்மையிலேயே குறைந்ததா என்று வெஸ்டர்ன் பிளாட் என்ற புரத அளவுச் சோதனையில் பார்க்காமல் நுண்ணோக்கிப் பக்கமே போகாதீர்கள். குறைந்திருந்தாலும் அது போதாது. வேறு மரபணுக்களைக் குறிவைத்த குறு ஆர்என்ஏக்கள் தற்செயலாக மேட்2வையும் குறைத்து, இல்லாத ஒரு பங்கை அந்த மரபணுக்களுக்கு ஏற்றிக்காட்டிய நிகழ்வுகள் 2010ஆம் ஆண்டையொட்டி வெளியாகியிருக்கின்றன. ஒரே புரதத்துக்கு வெவ்வேறு வரிசையுள்ள இரண்டு ஆர்என்ஏக்களையாவது பயன்படுத்துங்கள். அந்த ஆர்என்ஏவுக்குச் சிக்காதபடி மாற்றிய மரபணுவைத் திரும்பச் செலுத்தினால் கதிர்க்கோல் பழைய நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் நீங்கள் கண்டது அந்தப் புரதத்தின் வேலை என்று எழுத முடியாது.

எண்ணும்போது, அழகான செல்லைத் தேடி நகரும் கண்ணை நம்பாதீர்கள். பக்கத்து மேசை நண்பரிடம் சில்லுகளைக் கொடுத்து, பெயரின் மேல் காகித ஒட்டுநாடா ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் விருப்பம்போல் எண்ணிடச் சொல்லுங்கள். கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாக நகர்ந்து, எதிர்ப்படும் பகுப்புச் செல் ஒவ்வொன்றையும், கோணலாக இருந்தாலும் மங்கலாக இருந்தாலும், நூறு வரை பதியுங்கள். மூன்று வெவ்வேறு நாள்களில் இதைத் திரும்பச் செய்த பிறகே நண்பரிடம் ஒட்டுநாடாவை உரிக்கச் சொல்லுங்கள்.